வாசலைப் பார்க்கும் தேனீக்காரர்

அனுப்புநர்:
திருமதி றோஸ்மலர் யாக்கோப்பு,
இல. 4, முதலாம் மாடி,
பெல்ஃபீல்ட் கோர்ட், தென் லண்டன்.

பெறுநர்:
பொதுக் கலைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்.

பொருள்: சதுக்கத்தில் நாட்டப்பட்ட மரத்தூணின் உச்சித் தலையை வேறு திசைக்குத் திருப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மணி,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் கடிதத்தின் அடியில் இருப்பதை நம்பித் தமிழில் எழுதுகிறேன்.

1. இந்த ஊரின் பழைய பெருமைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கிய டோட்டம் தூண் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே நிற்கிறது. லாவண்டர் பூவும் ரயிலும் அழகு. எங்கள் ஆட்களுக்காக அடியில் ஒரு மயிலும் வைத்திருக்கிறீர்கள், மயிலுக்கு நன்றி. உச்சியில் இருக்கும் தேனீ வளர்ப்பவர்தான் பிரச்சினை. வலைத் தொப்பியை மரத்தில் செதுக்க முடியாமல், சிற்பி முகத்தைச் சாக்கால் மூடியது போலச் செய்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டிருக்கிறார்.

2. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களை வரிசையாக நடத்தும். சாக்கால் முகம் மூடிய ஒருவன் முன்னால் இருப்பான். தலையாட்டி என்போம். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என் கணவர் கடந்தபோது அவன் அசையவில்லை. பின்னால் வந்த அவருடைய தம்பிக்கு ஆட்டினான். தம்பி திரும்பி வரவில்லை.

3. தூண் நட்ட நாளிலிருந்து கணவர் படி இறங்குவதில்லை. இந்தக் கட்டடத்துக்கு ஒரே வாசல். வேலை போய்விட்டது, டொக்டரிடமும் போகவில்லை, முன்னறைத் திரையைத் திறக்க விடமாட்டார். வேறு வீடு கேட்டோம், காத்திருக்கச் சொன்னார்கள். உங்கள் அலுவலர் வந்து, இது எல்லோரையும் வரவேற்கும் முகம் என்று அன்பாகத்தான் விளக்கினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

4. தூணை அகற்றச் சொல்லவில்லை. ஊரார் ஆசைப்பட்டு வைத்தது, இருக்கட்டும். தலை தனித்துண்டாகச் செய்து மேலே பூட்டியது என்று திறப்பு விழாவில் சிற்பியே சொன்னார். அதை ரயில் பாதைப் பக்கம் திருப்பிவிடுங்கள். அதுவரை துணி போட்டு மூடுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

5. அது மரம், ஆட்டாது என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவனும் கனநேரம் ஆட்டாமல்தானே இருந்தவன்" என்கிறார். நேற்று மருந்து வாங்கி வந்த என்னைக் கதவிலேயே மறித்து, "உனக்கு ஆட்டினதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் நான் பார்க்கவில்லை. இப்போது நானும் குனிந்துதான் அதைக் கடக்கிறேன்.

கெதியில் செய்யுங்கள், அம்மணி. நானும் அவரோடு உள்ளே இருந்துவிட்டால், கடைக்குப் போக இந்த வீட்டில் ஆள் இல்லை.

இடம்: லண்டன்
திகதி: 12.03.2025

இப்படிக்கு,
றோஸ்மலர் யாக்கோப்பு