கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் புதைத்த காயில்

என் ஆசை அண்ணா ஜேம்ஸுக்கு,

நீ படுத்திருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிள்ளைப்பாக்கத்துக்கு இந்த முறை வேலையாகத்தான் வந்தேன். நாங்கள் தண்ணீர் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, ஊரில் ஆளாளுக்குத் தங்கள் கிணற்றைக் காட்டுகிறார்கள். இல்லை என்று சொன்னால் எங்கே கேட்கிறார்கள்?

நாங்கள் பார்ப்பது கிணறுகளுக்கெல்லாம் வெகு கீழே. சூரியனிலிருந்தும், எங்கோ தொலைவில் வெட்டும் மின்னலிலிருந்தும் வரும் அதிர்வு பூமிக்குள் இறங்கி, மெல்லிய மின்சாரத்தை ஓடவிடும். களிப்பாறையில் அது சுலபமாக ஓடும், கருங்கல்லில் தடுமாறும். அதை அளந்தால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் பல மைல் ஆழத்தில் எந்தப் பாறை எப்படிக் கிடக்கிறது என்று வரைந்துவிடலாம்.

அதற்குக் கரண்ட் கம்பியும் பம்ப்செட்டும் இல்லாத இடம் வேண்டும். எங்கள் குழுத் தலைவர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நம் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய புறம்போக்கைக் காட்டி, "இதுதான் அமைதியான இடம், இங்கேயே போட்டுடலாம்" என்றார். அவருக்கு உன்னைத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த மின்சாரத்தை அளக்க, நான்கு திசையிலும் மயில்துத்தக் கரைசல் ஊற்றிய மண்குடுவைகளைப் புதைத்துக் கம்பி இழுத்தோம். நடுவில் ஆள் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, செம்புக்கம்பி சுற்றிய நீளக் குழாயான காயிலை வடக்கு தெற்காகக் கிடத்தி, மண் தள்ளி மூடினோம். அசையாமல் இருக்கத்தான் அதைப் புதைப்பது. நிமிர்ந்தால் வேலியோரம் அம்மா, முக்காடு போட்டுக்கொண்டு, பூசைக்கு வந்தவள் போல நின்றிருந்தாள்.

"இன்னாடா பொதைக்கிற?"

"மெஷின்மா. பூமிக்குள்ள பாக்கிற மெஷின்."

"எவ்ளோ ஆழம் பாக்கும்?"

"மைல் கணக்குல பாக்கும்."

"அப்போ ஆறடி பாக்காதா? எம்புள்ள அந்தப் பொட்டிக்குள்ள கீறானான்னு பாத்துச் சொல்லு."

துபாயிலிருந்து நீ ஈயம் பற்றவைத்த தகரப் பெட்டியாக வந்தாய். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகம் பார்க்காமல் பிடி மண் போடமாட்டேன் என்று அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் போடாததால் நானும் போடவில்லை. அன்றிலிருந்து, வேறு யாரையோ புதைத்துவிட்டு உன்னை எங்கோ அநாதையாக விட்டுவிட்டோம் என்று அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. ஆள் பாதியாகிவிட்டாள், அண்ணா. இப்படியே போனால் அவளும் நிலைக்கமாட்டாள் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"இது ஆழத்தைத்தாம்மா பாக்கும். பக்கத்துல இருக்கிறது இதுக்குத் தெரியாது" என்றேன். சொல்வதற்கே வெட்கமாக இருந்தது.

மெஷினைப் போட்டபின் யாரும் கிட்டே போகக்கூடாது. நடந்தால் மண் அதிரும், காயில் அசையும், ஜீப்பில் இருக்கும் திரையில் கோடு துள்ளும். அம்மாவையும் ஜீப்புக்குக் கூட்டி வந்தேன். மதிய வெயில், துளிக் காற்று இல்லை. கொஞ்ச நேரம் எல்லாக் கோடுகளும் ஒழுங்காக ஓடின. பிறகு காயிலின் கோடு மட்டும் துள்ளியது.

"யாருப்பா அங்க நடக்கிறது?" என்றார் தலைவர்.

பார்த்தோம். வெட்டவெளி. ஆள் இல்லை, ஆடு மாடு கூட இல்லை. கோடு நிற்கவில்லை. ஒரு துள்ளல் பெரிது, அடுத்தது சின்னது. மறுபடி பெரிது, சின்னது. செங்கல்பட்டுக்கு அப்பால் இதே நேரத்தில் எங்கள் இன்னொரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் கேட்டோம், அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டிலும் வந்தால்தான் அது பூமி தரும் சேதி. ஒன்றில் மட்டும் வந்தால் வெறும் இரைச்சல் என்று வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். "லோக்கல் நாய்ஸ். அந்தத் துண்டை வெட்டிடு" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

"இன்னா சொல்லுது அது?" என்றாள் அம்மா.

"யாரோ நடக்கிற மாதிரி காட்டுதும்மா."

"எப்பிடி நடக்குறாங்க?"

ஜீப் கதவில் விரலால் தட்டிக் காட்டினேன். பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று. தட்டும்போதுதான் எனக்கே உறைத்தது. சின்ன வயதில் ஏரி மதகிலிருந்து விழுந்த நாள் முதல் நீ இடக்காலை இழுத்துத்தானே நடப்பாய்?

அம்மா அழவில்லை. "இங்கதான் கீறான். நாந்தான் அவனைப் படுக்க வுடல" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். தலைவர் தடுக்கப் போனார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் மேட்டில் அவள் மூன்று பிடி மண் போட்டாள். அவள் திரும்பி வரும் காலடிகள் திரையில் சீராகத் தெரிந்தன. அவள் தள்ளி வந்ததும் கோடு அடங்கியது. அப்புறம் துள்ளவே இல்லை.

வீட்டுக்குப் போய் உலை வைத்து வயிறாரச் சாப்பிட்டாளாம், பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்தது நீதானா, அண்ணா? இல்லை, வெயிலில் வெடித்த மண்ணா? படித்த படிப்பு ஒன்றைச் சொல்கிறது, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து கிடக்கிறது.

போதும், மூட்டை கட்டலாம் என்கிறார் தலைவர். நான் ஏதேதோ காரணம் சொல்லி மெஷினை ஓடவிட்டிருக்கிறேன். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது நான்.

பொழுது சாய்கிறது. காயிலைத் தோண்டி எடுத்ததும் நேராக உன்னிடம் வந்து என் பங்கு மண்ணைப் போடுவேன், இது சத்தியம். அதுவரைக்கும் இன்னும் ஒரே ஒரு தடவை நடந்துவிட்டுப் போயேன், அண்ணா.

உன் கூடப்பிறந்த தம்பி,
சேவியர்