டேங்கர் நின்ற இடம்

மச்சான்,

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. மூன்று நாளாகக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டிரைவர் ரப்பர் குழாயை இழுத்துக் கீழே போட்டதும், வெயிலில் காய்ந்த ரப்பரின் வாடையும், முதல் தண்ணீர் விழுந்த மண்ணின் வாடையும் கலந்து வந்தன. கையில் குடத்தோடு தஞ்சாவூரில் நின்றிருந்தவன் சட்டென்று அமீரகத்தில் அல் ஐனுக்கு வெளியே, ஒட்டகப் பண்ணைக்குப் பின்புறம், உன் டேங்கருக்குப் பின்னால் நின்றேன். "மாப்ள, பாட்டு இல்லேன்னா தண்ணி மாஃபி" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. இல்லை என்பதற்கு அரபியில் உள்ள அந்த மாஃபியை நீ உப்பைப் போல எல்லாப் பேச்சிலும் போட்டுக்கொள்வாய்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் பழையதையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஒரே கம்பெனியில் நான் எலக்ட்ரீசியன், நீ நல்ல தண்ணீர் டேங்கர் ஓட்டினாய். பெருநாள் விடுமுறையில் நாம் தங்கியிருந்த கேம்ப் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தபோது உனக்கு மட்டும் டூட்டி. பெருநாளானாலும் ஒட்டகத்துக்குத் தாகம் எடுக்குமே. தனியாகப் போகச் சோம்பல்பட்டு, பதினோரு பேரைக் கிளப்பி, பின்னால் ஒரு பிக்கப்பில் வரச் சொன்னாய். பண்ணைக்கு அரை மைல் இருக்கும்போது டேங்கர் மணலில் புதைந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டால் பாரம் குறையும், வண்டியைத் தள்ளி ஏற்றிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். இராமநாதபுரத்தில் பிறந்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

"தண்ணிய மண்ணுல ஊத்தவா? எங்க ஊர்ல தெரிஞ்சா எனக்குச் சோறு போட மாட்டாய்ங்கடா. காலைல டிராக்டர் வரட்டும். எல்லாரும் எறங்குங்க, இங்கனயே படுப்போம்."

அப்படித்தான் நாம் முதன்முதலாக அங்கே தங்கினோம். திட்டமும் இல்லை, கூடாரமும் இல்லை. ஒரு தார்ப்பாயும் உன் பிடிவாதமும்தான் இருந்தன. பண்ணையாட்கள் கேன்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நம்மைத் தேடி வந்தார்கள். டேங்கர் சாய்ந்து நின்றதால் மோட்டார் எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஒரு கேன் நிறைய ஒரு யுகம் ஆனது. முன்னால் நின்ற பலூச்சி ஒட்டகக்காரர் பொழுது போகாமல் ஏதோ முனகினார். நீ காதைத் தீட்டிக்கொண்டு, "பாய், ஜோர்ஸே!" என்றாய். சத்தமாகப் பாடினார். கேன் நிறைந்ததும் நிறுத்தினார். அடுத்து வந்தவனைப் பார்த்து, "ஒன் பாட்டு?" என்று நீ கேட்டாய். அன்று பிறந்ததுதான் நம் சட்டம். கேன் நிறையும்வரை பாட வேண்டும், நிறைந்தால் எந்த அடியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும். "இவன் பல்பு போட்டுத் தருவான். அதான் இவன் பாட்டு" என்று சொல்லிக் கேனை நிரப்பித் தந்தாய். அதற்குப் பிறகு எத்தனை வருடம் வந்தும் ஒருநாள்கூட என்னைப் பாடச் சொல்லி நீ வற்புறுத்தவில்லை.

அன்று ராச்சோறு முடிந்ததும்தான் ஒரு வெள்ளைக்காரர் உனக்குச் சொன்ன கதையை எங்களுக்குச் சொன்னாய். அல் ஐனுக்கு வருமுன் சவூதியில், யான்புவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டிரைவராக இருந்தபோது, நீ தினமும் சைட்டுக்கு ஏற்றிப் போன என்ஜினியர் அவர். அவர் நாட்டில் பால்மாடு வைத்திருந்த ஒரு விவசாயி தன் வயலைப் பாட்டுக்காரர்களுக்கு விட்டாராம். வந்தவர்கள் கூடாரம் போட்டுத் தங்க, அவர்களுக்குப் பாலையும் கொடுத்தாராம். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் இன்னொரு வயல். கூட்டம் தலைக்கு மேல் வந்துகொண்டிருக்க, மேடையை முடிப்பதா வேலியை முடிப்பதா, இரண்டுக்கும் நேரமில்லை என்ற நிலைமை.

"மேடையத்தான் முடிச்சாய்ங்களாம் மாப்ள. வேலி போடல. டிக்கெட்டு எடுத்தவன் எடுக்காதவன் எல்லாம் ஒரே சகதியில உக்காந்து கேட்டாய்ங்களாம். இன்னைக்கு வரைக்கும் உலகமே அதப் பேசுது. வேலி போட்டிருந்தா எவன் பேசியிருப்பான்?"

இதை நீ நூறு தடவையாவது எங்களுக்குச் சொல்லியிருப்பாய். சொல்லும்போதெல்லாம் அந்த வேலியை நீயே வேண்டாமென்று விட்டதுபோல ஒரு பெருமை உன் முகத்தில் வரும்.

அடுத்த வருடம் டேங்கரை மணலில் புதைய விடாமல் நிறுத்தினாய். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, நீதான் போடவில்லை. "மோட்டார் சத்தத்துல பாட்டு கேக்காது" என்றாய். பண்ணை முதலாளியை நாம் அர்பாப் என்போம். அவர் ஒரு சாய்மெத்தையில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை நம் பக்கம் தள்ளிக்கொண்டே கேட்டார். அந்த வருடம் மூன்று அண்டா சோறு. அதற்கடுத்த வருடம் ஒன்பது அண்டா. துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். நீ தலையை எண்ணமாட்டாய், அண்டாவைத்தான் எண்ணுவாய்.

எட்டாவது வரை படித்த நீ அத்தனை பேரைப் பாலைவனத்தில் தங்கவைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. தண்ணீர், கக்கூஸ், அடுப்பு, அப்புறம்தான் பாட்டு. அந்த வரிசையை நீ மாற்றவே மாட்டாய். ஒரு பிடி மணலை விரல் வழியாக விட்டு, காற்று போகும் திசை பார்த்துக் கக்கூசுக்குத் தடுப்புக் கட்டினாய். விடியற்காலையில் காற்று திரும்பி, அத்தனை நாற்றமும் உப்புமா அண்டாவுக்கு நேராக வந்துவிட்டது. நீ கூடாரம் கூடாரமாகப் போய் மன்னிப்புக் கேட்டாய். அடுத்த வருடம் சாயங்காலக் காற்றையும் காலைக் காற்றையும் தனித்தனியாகப் பார்த்து வைத்துக்கொண்டாய். இருட்டில் கூடாரம் மாறிப் போய் அடுத்த ஜில்லாக்காரனின் போர்வையில் படுத்த கூத்துக்கு நான் ஒரு வழி செய்தேன். வரிசைக்கு ஒரு நிறமாகக் கண்ணாடித் தாள் சுற்றி பல்பு போட்டேன். "பாத்தியாடா, பாடிட்டான் எலக்ட்ரீசியன்!" என்று நீ கத்தியது பண்ணை முழுக்கக் கேட்டது.

நான்காவது வருடத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

துபாயில் நாலைந்து ஜவுளிக்கடை வைத்திருந்த நம்மூர் முதலாளி ஒருவர், எல்லாம் தானே செய்வதாக முன்வந்தார். மேடை, நாற்காலி, கூலிக்கு ஓர் இசைக்குழு. அதோடு ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். மச்சான், நான் விழுந்தது அந்தப் பெட்டிகளில்தான். இரண்டு வருடமாக ஓர் ஓட்டை ஆம்ப்ளிஃபையரோடு மல்லுக்கட்டியவன் நான். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் கல்யாணப் பெண்ணைப் பார்த்தவன் மாதிரி ஆகிவிட்டேன். நீ தண்ணீர் ஏற்றப் போயிருந்த நேரத்தில் முதலாளி என்னை அழைத்தார். "தம்பி, குடும்பத்தோட வர்றாங்க, ஒரு ஒழுங்கு வேணாமா? கேம்ப் பசங்க பின்னாடி இருக்கட்டும். நடுவுல ஒரு கயிறு கட்டிடுங்க" என்றார்.

கட்டினேன். மூன்று கம்பம் ஊன்றி நானேதான் கட்டினேன். கயிற்றுக்கு முன்னால் நாற்காலி, பின்னால் மணல். அந்த மணலில் உட்காரப்போகிறவர்களில் நானும் ஒருவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

நாலு மணிக்கு உன் டேங்கர் வந்தது. நீ இறங்கிக் கயிற்றைப் பார்த்தாய். கேம்ப் ஆட்கள் கயிற்றுக்குப் பின்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களைப் போல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.  நீ கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாய்.

"ஆரு கட்டுனதுன்னு கேக்கல. எதுக்குன்னுதான் கேக்குறேன்."

நான் வயரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். முதலாளி வந்து ஒழுங்கைப் பற்றி விளக்கினார். நீ சண்டை போடுவாய் என்று பயந்தேன். போட்டிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். பஸ்கள் திரும்பியிருக்கும், அர்பாப் அடுத்த வருடம் இடம் கொடுத்திருக்க மாட்டார். நீயோ, "சரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு டேங்கரில் ஏறினாய். மேடைக்குப் பக்கத்தில் வழக்கமாக நிறுத்தும் இடத்தைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, கயிற்றைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்துக்குக் கடைசியில் போய் நிறுத்தினாய். குழாயைத் திறந்தாய். நூலாக வந்தது.

முதலில் வந்தது அர்பாப் வீட்டில் சமையல் வேலை பார்த்த அட்டன் அக்கா. இலங்கை மலையகத்துப் பெண், வருடம் தவறாமல் வருபவர். "நான் பாடுறேன் அண்ணே, யாரும் சிரிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். கொழுந்து பறிக்கும் மலைச்சரிவில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கேட்கவேண்டிப் பழகிய குரல் அது. மேடையில் கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்குப் பிறகு ஒரு கொத்தனார் பாடினார், அதற்குப் பிறகு ஒரு சூடானி. பாலுக்கு அழுத குழந்தைக்கு வெந்நீர் வைக்க, முன் நாற்காலியிலிருந்து ஒரு தாய் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்தார். அவரும் பாட வேண்டியிருந்தது. அவர் கணவர் வந்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மீதி இருந்தவர்கள் நாற்காலியை உன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மேடைக்கு முதுகைக் காட்டினார்கள். பொழுது சாயும் நேரத்தில் தபேலாக்காரர் தபேலாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்.

கடைசியில் முதலாளியே ஒரு தம்ளரோடு வந்தார்.  நீ குழாயில் கையை வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "பாட்டு மொதலாளி?" என்று கேட்டாய்.

அவர் முகம் சிவந்தது. எனக்கு எதுவும் தெரியாதே தம்பி என்றார்.  பிறகு தன் ஜவுளிக்கடைக்கு வானொலியில் தினமும் வரும் விளம்பரப் பாட்டைத் தொடங்கினார். ஸ்ருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் தினம் கேட்டுக் கேட்டு அது அத்தனை பேருக்கும் மனப்பாடம். முழுக் கூட்டமும் சேர்ந்து பாடியது. தம்ளர் எப்போதோ நிறைந்துவிட்டது. உன் சட்டத்தை நீ மீறியது அந்த ஒரு தடவைதான், குழாயை மூடிவிட்டு அவரை முழுப் பாட்டையும் பாடவைத்தாய். தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் பட்டு வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார். அடுத்த வருடமும் வந்தார், பாயோடு.

மறுநாள் காலையில் நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"மாப்ள, கம்பத்துல வயர் கட்டுறப்ப நீ போடுற முடிச்சுதான் இது. அவுக்குறதுக்குள்ள நகம் பேந்துருச்சு." சிரித்தாய். "வச்சுக்க. துணி காயப்போட ஆகும்."

நான் வாங்கிக்கொண்டேன்.  கண்கலங்கியதை மணல் விழுந்ததாகக் காட்டிக்கொண்டேன். அதன் பிறகு நாம் ஒரே அறையில் ஐந்து வருடம் இருந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். நீ ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்திருக்க வேண்டும். இன்று சொல்கிறேன். கயிற்றைக் கட்டியது தப்பு மச்சான். பெட்டிக்கு ஆசைப்பட்டு உன் ஆட்களை, என் ஆட்களை, பின்னால் நிறுத்தினேன். மன்னித்துவிடு.

பிறகு பண்ணை கைமாறியது, நம் கூட்டமும் கலைந்தது. நீ ஊருக்குப் போனாய். நீ இறந்த சேதி எனக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. தோள் கொடுக்க முடியவில்லை என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. இப்போது அந்தப் பக்கத்துப் பாலைவனத்தில் கூடாரம் போட்டுப் பெரிது பெரிதாகப் பாட்டுத் திருவிழா நடத்துகிறார்களாம். அங்கே வேலை செய்யும் என் அக்கா மகன் படம் அனுப்பினான். வானத்தை எட்டும் மேடை, வெள்ளைக் கூடாரங்கள், கையில் பட்டை கட்டியவர்கள் நுழையும் வாசல். அழகாகத்தான் இருந்தது. நான் படத்தைப் பெரிதாக்கி, தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன்.

உன் கயிறு எங்கள் மாடியில் இருக்கிறது. அதில்தான் துணி காய்கிறது.

இன்று காலை விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். லாரிக் குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தது. வரிசையில் சண்டை மூண்டது. யார் முந்தி, யார் பிந்தி என்று ஏகக் கூச்சல். என் முறை வந்தது. குடத்தை வைத்தேன். என்ன ஆனதோ தெரியவில்லை, பாடினேன் மச்சான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டு. குரல் கரகரவென்று வந்தது. டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், எதிர்வீட்டுக்காரர் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார். குடம் நிறைந்தது. பாதி அடியில் நிறுத்தினேன், உன் சட்டப்படி.

எனக்குப் பின்னால் நின்ற பெண், அதுவரை சண்டையில் முதல் ஆளாக இருந்தவர், தன் குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டே நான் விட்ட அடியை எடுத்தார்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.  ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, மச்சான்.