பன்னிரண்டாம் நிரை, ஒன்பதாம் மரம்

என் பாசமுள்ள பார்வதி அக்காவுக்கு,

நீ கண்மூடி ஒரு வருஷமாகப் போகிறது. இன்று உன் மரத்தின் கன்றுகளை லோரியில் ஏற்றி அனுப்பினோம். டுரியான் துங்கால் பக்கம் புதுச் சோதனைக் காட்டுக்குப் போகின்றன. எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை அக்கா.

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் நாம் சேர்ந்து வேலை செய்தது நினைவிருக்கிறதா? எண்ணெய் எடுக்கும் செம்பனையில் எது அதிகம் காய்க்கிறது என்று மரத்துக்கு மரம் பழத்தைத் தனியாக எடை போட்டு எழுதுவார்கள். நல்ல மரத்தை விதைக்கு வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவார்கள். நானோ மற்றத் தோட்டக் காடுகளில் பழகியபடி, உதிர்ந்த பழத்தைக் கிடந்த இடத்திலேயே கூட்டி அள்ளினேன். மேட்டில் நின்ற ஒன்பதாம் மரத்தின் பழம் உருண்டோடி எட்டாம் மரத்தடியில் சேர்ந்து எட்டின் கணக்கில் ஏறியதை நான் எங்கே கவனித்தேன்?

காய்ப்புக் குறைவு என்று ஒன்பதாம் மரத்தை வெட்டச் சொல்லிச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். அன்றுதான் நீ எட்டாம் மரத்தடியில் ஒரு கைப்பிடி அள்ளி, கத்தியால் பிளந்து பார்த்தாய். சில பழங்களில் ஓடு தடிப்பு. சிலவற்றில் சதை தடிப்பு. மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட நின்ற அத்தனை பேர் முன்னால் ஆபீசரை மறித்தாய்.

“ஐயா, ஒரு மரத்துப் பழம் இப்படி ரெண்டு மாதிரியா இருக்காது லா. நாங்கதான் கலந்துட்டோம். வெட்டாதீங்க.”

“இவ பெரிய ஆபீசர்!” என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார்.

நீ அசரவில்லை. அடுத்த அறுவடை வரை வெட்டவேண்டாம் என்றார் ஆபீசர். பழைய உரச் சாக்குகளைத் தைத்து, பழம் உருளாதபடி ஒன்பதைச் சுற்றிக் கட்டினாய். அடுத்தடுத்த அறுவடைகளில் அந்த நிரையிலேயே அதுதான் முதலில் நின்றது. தாய்மரம் என்று வெள்ளை வளையம் அடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய்.

‘நாங்க’ என்றாயே அக்கா, கலந்தது நான் மட்டும்தானே? தெரிந்தேதான் சொன்னாயா?

இன்று லோரிக்கு முன்னால் படம் எடுத்தார்கள். புது ஆபீசர், மரத்தைக் கண்டுபிடித்தவர் என்று மண்டோரை நடுவில் நிறுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், பழத்தைக் கலந்தது நான். கண்டுபிடிச்சது எங்கக்கா பார்வதி. இவரு சிரிச்சாரு, அவ்ளோதான்.”

மண்டோர் தலையைச் சொறிந்துகொண்டு ஓரமாக நகர்ந்தார். “இடம் காலியா இருக்கே, ஒட்டி நில்லும்மா” என்று பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார் படம் எடுப்பவர்.

“அது எங்கக்கா இடம். அப்படியே எடுங்க” என்றேன்.

அந்தக் கன்றுகள் காய்க்கும்போது நானே போய் அள்ளுவேன். ஒவ்வொரு மரத்துக்கும் தனிச் சாக்கு. இது சத்தியம்.

உன் பக்கத்தில் இடம் விட்டு நிற்கும்
உன் தங்கச்சி செல்வி