ரொசியோ சதுக்கத்தில் இரண்டு லக்சம்பர்க்காரர்கள்

லிஸ்பன், கிராசா மேடு
ஜூன் 15

என் செல்ல மகள் ஃபபியோலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர உடம்பில் மற்ற எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீயும் மாப்பிள்ளை நிக்கோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ பத்துக் கேள்வி கேட்பாய். காகிதம் குறுக்கே பேசாது.

அந்தோணியார் திருவிழா முடிந்தும் தெருவில் இன்னும் மத்தி மீன் சுட்ட வாசம் போகவில்லை. மாடிப்படி விளக்கை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். ஜகரண்டா மரங்கள் பூத்துக் கொட்டுகின்றன. செருப்படியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் எல்லாம் ஊதாப்பூ.

நீ ஆகஸ்டில் வந்து என்னைக் கையோடு லக்சம்பர்க் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நானும் மனதாரத்தான் சம்மதித்தேன். அம்மா போனபிறகு நான் டப்பா மீனைத் தின்றுகொண்டு தனியாகக் கிடப்பது உனக்கு அங்கே தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரியும். பாதிச் சாமானைப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கீழ்வீட்டு எர்மெலிண்டாவை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன் பந்து அவர் ஜன்னலில் போய் விழுந்தால், திட்டிக்கொண்டே பந்தோடு ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் தந்து அனுப்புவாரே, அவர்தான். வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்த தாயாரைப் பார்த்துக்கொண்டு, ஓட்டல்களின் துணிகளை வீட்டிலேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. ஜனவரியில் அந்த அம்மாள் காலமானார். மார்ச்சில் ஒருநாள் எர்மெலிண்டா மேலே வந்து என் கதவைத் தட்டினார். நான் ஊரைவிட்டுப் போகும் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“நீங்க காலமெல்லாம் இந்த ஊருல டிராம் ஓட்டுனவரு. கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஊரைக் காட்டிட்டுப் போங்க. நான் அடுத்த தெருவைத் தாண்டி ஒண்ணும் பாத்ததில்ல” என்றார்.

எனக்குத் தண்டவாளத்தைத் தவிர எதுவும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். யோசித்துப் பார், கோட்டைக்குக் கீழே தினமும் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். ஒருநாளாவது தலையைத் தூக்கி அந்தக் கோட்டையைப் பார்த்திருப்பேனா? பார்த்திருந்தால் யாராவது ஒரு மீன்காரி கூடையோடு சக்கரத்தில் விழுந்திருப்பாள். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பிவிடுகிறோம். நீ போன் செய்தபோது நான் மூச்சு வாங்கியதெல்லாம் நெஞ்சு வலி இல்லை அம்மா, அப்போதுதான் மேடேறி வந்திருப்பேன். பெலேம் மடாலயத்தில் கல்லிலே கயிறு முறுக்கியது போலச் செதுக்கியிருக்கிறார்கள். அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எர்மெலிண்டாவின் தொப்பி பின்னால் விழுந்து ஒரு ஜப்பான்காரர் எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து லவங்கப்பட்டைத் தூள் தூவிய முட்டைப் பணியாரம் சாப்பிட்டோம். தட்டு காலியானதும், எல்லாவற்றையும் தின்றது இவர்தான் என்று என்னைக் காட்டிக் கடைக்காரரிடம் கூசாமல் சொன்னார். கோட்டையில் ஒரு மயில் அவர் கையிலிருந்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு ஓடியது. மயிலோடு அவர் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து எத்தனை நாளாயிற்று.

போன ஞாயிறு ரொசியோ சதுக்கம். கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்த அந்தத் தரையைப் பார்த்தால் எர்மெலிண்டாவுக்குத் தலை சுற்றுகிறதாம். கடலில் நடப்பது போல என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். மூலைக்கடையில் ஆளுக்கு ஒரு குவளை செர்ரி மது வாங்கி, நீரூற்றுப் பக்கம் நின்று குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. எல்லாரும் பிரேசில் பயணிகள். நடுவில் மஞ்சள் குடையோடு பெனெடிட்டா என்ற வழிகாட்டிப் பெண், உன் வயதுதான் இருக்கும். தலைகளை எண்ணிவிட்டு எங்களிடம் வந்து, பதிவு செய்துவிட்டு வராத தம்பதி நீங்கள்தானா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் எர்மெலிண்டா, “நாங்கதாம்மா” என்றார். செர்ரி மது செய்த வேலை.

எந்த ஊர் என்று கேட்டாள். மாதக்கணக்காக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, லக்சம்பர்க் என்று சொல்லிவிட்டது. பிழைப்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டோம், இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஊர் திரும்புகிறோம் என்று நான் கதையை நீட்டினேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவள் சித்தப்பாவும் அப்படித்தான் போனாராம். பிரேசில் அம்மாமார்கள் எங்களுக்கு வழிவிட்டு முன்னால் நிறுத்தினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கே புரியவில்லை. நிலநடுக்கத்தில் கூரை இடிந்துபோன கார்மோ தேவாலயத்துக்கு அழைத்துப் போனாள். வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். “உங்களுக்கு இதையெல்லாம் விட்டுட்டு இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே ஐயா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்தானே சொல்கிறேன், ஆனால் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிஜமாகவே எங்கேயோ போய்த் தொலைந்துவிட்டுத் திரும்பி வந்தவனைப் போல ஒவ்வொரு கல்லையும் பார்த்தேன். இன்னும் நான் போகவே இல்லை, அதற்குள் இந்த ஏக்கம். எர்மெலிண்டா கைக்குட்டையை நீட்டினார்.

அங்கிருந்து ஷியாடோவில் தெருவைக் கடக்கும்போது மாட்டிக்கொண்டோம். இருபத்தெட்டாம் எண் டிராம் வந்து நின்றது. ஓட்டுகிறவன் யார் தெரியுமா? நம் செஃபெரினோ. நான் வேலை பழக்கிய பயல். மணியை அடித்து, தலையை வெளியே நீட்டி, தெருவே கேட்கும்படி, “அன்செல்மோ அண்ணே, தண்டவாளத்துல நிக்காதீங்க, நீங்கதானே எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க. கிராசாவுக்குத்தானே, ஏறுங்க, வீட்டுல இறக்கிவிடுறேன்” என்றான்.

மஞ்சள் குடை எங்கள் பக்கம் திரும்பியது. கூட்டமும் திரும்பியது. நான் தொப்பியைக் கழற்றி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கிராசாவில் இருப்பது, டிராம் ஓட்டியது, ஊரைப் பார்க்கக் கிளம்பியது எல்லாம். பெனெடிட்டா முதலில் திகைத்தாள், பிறகு குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். “அப்ப இவங்க உங்க சம்சாரமும் இல்லையா?” என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். எர்மெலிண்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக, “இன்னும் இல்லம்மா” என்றார்.

பிரேசில்காரர்கள் கைதட்டினார்கள் ஃபபியோலா. செஃபெரினோ இன்னொரு தடவை மணி அடித்தான். எனக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

அதன்பிறகும் பெனெடிட்டா எங்களை விடவில்லை. கடைசியாக ஆற்றங்கரைப் பெரிய சதுக்கத்துக்கு அழைத்துப்போய், அங்கிருக்கும் தோரண வளைவின் உச்சிக்கு ஏற்றிவிட்டாள். உயரம் என்றால் எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, எர்மெலிண்டா விளிம்பில் நின்று ஆற்றையும் படகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். லக்சம்பர்க்கில் ஆறு இருக்கிறதா என்று கேட்டார். பெரிய பாலம் இருப்பதாக மகள் சொன்னாள் என்றேன்.

“பாலம் இருந்தாப் போதுமா, கீழ ஏதாவது ஓடணுமே” என்றார். பிறகு படகுகளிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “போகாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். பெத்த பொண்ணு கூப்பிடுறா. ஆனா அந்தப் புள்ளைகிட்ட நான் சொன்னது விளையாட்டுக்கு இல்ல.”

என் மகளைக் கேட்க வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள். கேளுங்கள், ஆனால் போனில் வேண்டாம், போனில் நீங்கள் உளறுவீர்கள், எழுதுங்கள் என்றாள். அவர் என்று எழுத வந்தேன், பேனா அவள் என்று எழுதிவிட்டது. அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

திருவிழா அன்று காலையில் கதவைத் திறந்தால், என் வாசலில், அந்தோணியார் நாளில் மனதுக்குப் பிடித்தவருக்குத் தருவார்களே, அந்தத் திருநீற்றுப்பச்சைச் செடி ஒன்று, காகிதப்பூ செருகி, சின்னத் தொட்டியில். அதை ஜன்னலில் வைத்திருக்கிறேன். இலையை மூக்கால் முகரக்கூடாது, உள்ளங்கையை மேலே வைத்துக் கையைத்தான் முகர வேண்டும் என்று சின்ன வயதில் நீ எனக்குப் பாடம் எடுப்பாய். இந்தக் கடிதத்தைத் தொட்டுப் பார், அந்த வாசம் இருக்கலாம்.

நேற்று உன் அம்மாவின் கல்லறைக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அங்கே புதுப்பூ இருந்தது. பக்கத்து வரிசையில்தான் எர்மெலிண்டாவின் தாயார். அவருக்குப் பூ வாங்கும்போதெல்லாம் உன் அம்மா ஓதெத்துக்கும் வாங்குகிறாளாம், வாசல் பூக்காரி சொன்னாள். என்னிடம் சொன்னதே இல்லை. வெகுநேரம் நின்றேன். நல்ல வெயில் அடித்தது. மனம் லேசாக வீடு திரும்பினேன்.

கண்ணே, உன்மேல் இருக்கிற பாசத்தில் ஒரு இழை குறையவில்லை. இதைப் படித்து நீ அழுதால் எனக்கு இங்கே சோறு இறங்காது. ஆகஸ்டில் கட்டாயம் வா. பெட்டிகளைக் கட்ட வேண்டாம், அவிழ்க்க எனக்குத் துணையாக இரு. மாப்பிள்ளையையும் கூட்டி வா, நாலு பேருமாக ஆற்றங்கரையில் உட்கார்ந்து மத்தி சாப்பிடுவோம். கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வருகிறேன். எனக்காக நீ வர்ணம் அடித்துவைத்திருக்கிற அந்த அறையில் இன்னொரு தலையணை போட இடம் இருக்குமா என்று மட்டும் ஒரு வரி எழுது.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும்.

உன் பதிலுக்காகத் தபால்காரர் வரும் பக்கமே பார்த்திருக்கும்,
அப்பா
அன்செல்மோ குவாரெஸ்மா