ஜெபக்குறிப்பில் எழுதிய பெயர்

சுசீந்திரம்
22.10.2018

அன்புள்ள கிருஷ்ணமணி தம்பிக்கு,

எபிசனின் அம்மா ஞானபாய் எழுதுகிறேன். இங்கே சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

எபிசன் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நன்றாகவே நடக்கிறான். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று கோர்ட் தீர்ப்பு வந்த நாளிலிருந்து வீட்டில் தங்குவதே இல்லை. ஆணை நேசிக்கிற ஆணும் அதை மறைக்காமல் பட்டாளத்தில் இருக்க விடவேண்டும் என்று மனு எழுதி, பழைய பட்டாளத்துக்காரர்களிடம் கையெழுத்துக்கு அலைகிறான். பாதிப் பேர் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கண்ணிவெடியில் கால் போனதை எழுதியிருக்கிறான். அவனைச் சுமந்து வந்த உன் பெயரை மட்டும் எழுதவில்லை. உன் வேலை போய்விடும் என்று பயம்.

இந்த மழையில் எனக்குப் பகலிலும் கண் சொருகுகிறது. எப்போதும் ஒரே கனவு. நீங்கள் இரண்டு பேரும் யூனிபார்மோடு வயலில் நடந்து வருகிறீர்கள். வரப்பில் இல்லை, நாற்றுக்கு மேலே. ஒரு நாற்றும் சாயவில்லை. சனிக்கிழமை மதியம் அந்த மயக்கத்திலேயே எழுந்து சபைக்கு ஜெபக்குறிப்பு எழுதினேன். என் மகன் எபிசனும், அவன் உயிராக நேசிக்கும் பட்டாளத்துக் கிருஷ்ணமணியும் ஒளிக்காமல் வாழவேண்டும் என்று. வாராவாரம் மைக்கில் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நேற்று போதகர் வாசித்துவிட்டார்.

உன்னோடு வேலை பார்க்கும் ஜான்ரோஸ் லீவில் வந்து மூன்றாவது பெஞ்சில் இருந்தான். வெளியே வந்ததும், மாமி, அது எங்க கிருஷ்ணமணி அண்ணனா என்று கேட்டான். பதறிப்போய், அது வேற ஆளு மக்கா என்று சொல்லிவிட்டேன். எபிசன் பக்கத்தில்தான் நின்றான். வீட்டுக்கு வந்து செயற்கைக் காலைக் கழற்றி வைத்தான். பிறகு, இப்பிடிச் சொல்லாம இருக்கத்தானம்மா ஊர் ஊரா நடக்கேன் என்றான். எனக்கு அழுகை நிற்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஜான்ரோஸ் அடுத்த வாரம் திரும்புகிறான். அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. அதற்கு முன் உனக்குக் கிடைக்கட்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். அங்கே யாராவது கேட்டால் இல்லையென்று சொல், நாங்கள் மனம் கோணமாட்டோம். ஆமாம் என்று நீ சொல்லி, அவர்கள் உன்னை வீட்டுக்கு அனுப்பினால், லாட்ஜ் தேடிப் போகாதே. நேரே இங்கே வா. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சபைக்கும் வா. இது யாரு என்று கேட்பார்கள். நான் சொல்லிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். உன் சாமியும் காக்கட்டும்.

அம்மா
ஞானபாய்