ஒன்பதும் பத்தும் இனி இங்கே இல்லை

அன்பு மகனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இங்கே அப்பாவின் முட்டிவலியைத் தவிர மற்றதெல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்று அவசரப்படுத்தினால் எனக்கு வாய் வரை வந்த பேச்சு திரும்பிப் போய்விடுகிறது. அதனால் தையல் கடையில் வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு மேசை மேலேயே எழுதுகிறேன்.

நீ படித்த பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் எடுத்துவிட்டார்கள். இனி எட்டோடு சரி. இது ஒரே நாளில் வந்ததில்லை. உன் காலத்தில் நம் தெருவில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் அங்கேதானே படித்தீர்கள், இப்போது காலையில் மஞ்சள் வேன் வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகிறது, உன் சித்தப்பா பேரப்பிள்ளைகூட அதில்தான். பிள்ளைகள் குறைந்ததும் வாத்தியார்களைக் குறைத்தார்கள், வாத்தியார் இல்லாததால் ரிசல்ட் இறங்கியது, ரிசல்ட் இறங்கியதைப் பார்த்து இன்னும் நாலு வீடு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனது. மிச்சம் இருந்தது மில் வேலைக்கென்று வெளியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், உன் தங்கை நம் சின்னவளும்தான். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வேறு பாஷை, பரீட்சை எழுதுவது நம் பாஷை, எப்படி மார்க் வரும்? சின்னவளையும் வேனில் ஏற்றச் சொல்லி அப்பா என்னிடம் மல்லுக்கு நின்றார், நான்தான் பெற்றோர் கமிட்டியில் இருந்துகொண்டு நாமே எடுத்தால் எப்படி என்று பிடிவாதமாக இருந்தேன்.

மாவட்ட ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து கூட்டம் போட்டார்கள். சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள், மற்ற பள்ளியெல்லாம் பச்சையாக இருந்தது, நம்முடையது மட்டும் சிவப்பு. நான் எழுந்தேன், நிறைய நினைத்து வைத்திருந்தேன், ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் "கொஞ்சம் டைம் குடுங்க மேடம்" என்பது மட்டும்தான் வந்தது. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கே கஷ்டமாத்தான் இருக்கும்மா, மேலேருந்து வர்ற உத்தரவு, நான் என்ன பண்ணட்டும்" என்றார். மில் பெற்றோர் ஷிப்டை விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு என்ன முடிவானது என்றே புரியவில்லை, எனக்கும் அவர்களிடம் போய்ச் சொல்லத் தைரியமில்லை.

சின்னவளின் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், எல்லாரும் குருவி என்று கூப்பிடுவார்கள். மில் குடியிருப்புப் பெண். வந்த புதிதில் நம் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாது, நம் சின்னவள்தான் கடையில் எனக்குப் பட்டன் தைத்துக்கொண்டே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது அந்தப் பெண் வாயைத் திறந்தால் மூடாது, அப்பாவைக்கூட "தாத்தா, நீங்க வந்துட்டாளா?" என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைப்பாள். கணக்கில் நம் சின்னவளே அவளிடம்தான் சந்தேகம் கேட்பாள். டவுனில் இருக்கும் பெரிய பள்ளியில் இரண்டு பேரையும் ஒன்பதாவதில் சேர்க்க நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தலைமை ஆசிரியர் யார் தெரியுமா, உன் கணக்கு சார். போன வருஷம் இங்கே ஆளைக் குறைத்தபோது போனவர். அவரைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை விட்டது. உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். சின்னவளுக்கு இடம் கிடைத்தது. குருவி கணக்கில் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள், கட்டுரையில் பிழை. எட்டாவதில் வேண்டுமானால் உட்காரட்டும் என்றார்கள். நான் கெஞ்சிப் பார்த்தேன் கண்ணா. சார் என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருஷம் எங்க ரிசல்ட் இறங்கினா இந்த ஸ்கூலுக்கும் அதே கதிதாம்மா, நீங்களே பாத்தீங்கல்ல" என்றார். உனக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன். அவர்மேல் கோபப்படாதே, சட்டைக் காலர் கிழிந்ததுகூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்.

குருவியின் அப்பாவிடம் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவரோ எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டு, "எட்டு முடிச்சாச்சு, மறுபடி எட்டா? போதும்மா, நீங்க இவ்ளோ அலைஞ்சீங்களே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நேற்று அந்தப் பெண் கடைக்கு வந்தாள், கையில் நான் தைத்துக் கொடுத்த யூனிபார்ம் சட்டை. "அத்தை, இந்த பேட்ஜ் மட்டும் பிரிச்சுடுங்க, துணி நல்லாத்தான் இருக்கு, மில்லுக்குப் போட்டுக்கலாம்" என்றாள். அழவில்லை. வேறு சட்டை தைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். பிரித்தேன். துணி வெளுத்திருந்ததால் பேட்ஜ் இருந்த இடம் மட்டும் புதுசாகத் தெரிந்தது. அதைக் கையால் தேய்த்துப் பார்த்தாள், "துவைச்சா போயிடும்ல?" என்று கேட்டாள். போய்விடும் என்று சொன்னேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் வெளியே வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் தங்கைக்குப் போன் பண்ணு, எங்களிடம் அவள் சரியாகப் பேசுவதில்லை. புத்தி எதுவும் சொல்லாதே, சும்மா பேசு. கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? நீ எங்கிருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா