சிவப்பு நூல் சீசா, வெள்ளை நூல் சீசா

அமலி அப்பா,

நீங்க வேலைக்குப் போன பெறகு அமலி பால் குடிக்கல. உடம்பெல்லாம் தடிப்பு, கண்ணே தொறக்கல. ரெண்டு பிள்ளைகளையும் தூக்கிட்டு பதினொன்னரை பஸ்ஸுல திண்டுக்கல் போறேன்.

உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வயித்துப்போக்குக்கு அமலிக்கு சிவப்பு நூல் கட்டின சீசா, சவரிக்கு வெள்ளை நூல் சீசா, மாத்தக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்கல்ல? ஒன்னு புது மருந்து, ஒன்னு பழசு. எது நல்லாக் கேக்குதுன்னு பாக்கறாங்களாம். ஒரு வயித்துல பொறந்த ரெட்டைக்கு வஞ்சகம் பண்ண எனக்கு மனசு வரல. அஞ்சு நாளா ரெண்டையும் கலந்துதான் ரெண்டு பேருக்கும் ஊத்தினேன். நேத்து நீங்க கேட்டப்ப இல்லவே இல்லைன்னு சண்டைக்கு வந்தேன்.

மூனு மணிக்கு நர்சம்மா நோட்டோட வருவாங்க. என் மானத்தப் பாக்காம உள்ளதச் சொல்லிருங்க. இல்லன்னா நான் சொன்ன பொய்ய எழுதிக்கிட்டு, இதே மருந்தக் குடுக்க அடுத்து செல்லத்தாயி வீட்டுக்குத்தான் போவாங்க. அங்கயும் கைப்பிள்ளை இருக்கு.

சோறு பானையில இருக்கு, வெஞ்சனம் வைக்கல. சாப்ட்டுட்டு, அவங்களப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.

மரியஞானம்

செருப்பு மாட்டும்போதுதான் பாத்தேன், சவரி கழுத்துலயும் ஒரு தடிப்பு. நர்சம்மாகிட்டச் சொல்றத செல்லத்தாயிகிட்டயே சொல்லிட்டு, சாப்பிட உக்காராம வாங்க.